இடது காலு எப்போ வந்துச்சு?

சார், அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சிக்கிறீங்களா? காலை நீட்டணும். தப்பா நெனைக்காதீங்க, இந்த முட்டி மடங்காது. மடங்கும், ஆனா மடங்கிச்சுன்னா திரும்ப நிமிராது. அப்புறம் திருச்சியில டிரைவரும் கண்டக்டரும் சேந்து என்னைப் பொணம் மாதிரி தூக்கி எறக்கணும். ஆங், போதும் சார். சோக்கா இருக்குது.

ஆக்சிடென்ட்டுலாம் இல்ல. ஃபுட்பால். பன்னெண்டு வருஷம் ஸ்டாப்பர் ஆடினேன். ஸ்டாப்பர்னா கோலிக்கு, அதான் கோல் கீப்பருக்கு, முன்னாடி நிக்கறவன். கோல் போட வர்ற ஃபார்வர்டை நிறுத்தறதுதான் வேலை. பந்தை நிறுத்துனா நல்லது. பந்து போயிருச்சுன்னா ஆளையாச்சும் நிறுத்தணும். ரெண்டும் போயிருச்சுன்னா கோலி திட்டறதுக்குள்ள மொகத்தை வேற பக்கம் திருப்பிக்கணும்.

பேரு எத்திராஜ். வியாசர்பாடி. எங்க ஏரியாவுல ஒரு ரயில்வே கேட்டு இருந்துச்சு. அது மூடுச்சுன்னா ஆபீஸ் போறவன், ஆம்புலன்ஸு, கல்யாண ஊர்வலம், யாரா இருந்தாலும் நின்னுதான் ஆவணும். அதனால எனக்கு கேட்டு எத்திராஜ்னு பேரு உழுந்துடுச்சு. நான் முன்னாடி வந்து நின்னேன்னா கேலரில இருந்து, "கேட்டு போட்டாச்சுடோய்!"னு கத்துவானுங்க. கொல்கத்தாவுல ரெண்டு சீசன், கோவாவுல நாலு, மிச்சம்லாம் மெட்ராஸு. கொல்கத்தாவுல பெங்காலிக்காரன்கூட "கேட்டூ, கேட்டூ"ன்னு கத்துனான் சார். அவனுக்கு இன்னா புரிஞ்சிதோ தெரியல.

என் போட்டோ பேப்பர்ல நெறைய வந்துக்குது. எல்லாத்துலயும் நான் தரையில கெடப்பேன். முன்னாடி எவனாச்சும் ஒரு ஃபார்வர்டு ரெண்டு கையையும் விரிச்சினு ஏரோப்ளேன் மாதிரி ஓடினு இருப்பான். பின்னாடி புல்லுல குப்புறக் கெடக்கறது யாருன்னு பாத்தீங்கன்னா நான்தான். நிறுத்துன பந்துக்கெல்லாம் போட்டோ கெடையாது சார். தாண்டிப் போன பந்துக்குத்தான் போட்டோ.

கோலா? போட்டுக்கறேனே. ஒண்ணு. கோவாவுல. கார்னர்லேர்ந்து பந்து வந்துச்சு, நான் கண்ணை மூடிகினு எகிறினேன், மண்டையில பட்டு உள்ள போயிடுச்சு. கண்ணைத் தொறந்து பாத்தா பத்து பேரு என் மேல உழுந்து கெடக்கறானுங்க. அடிக்கறானுங்கன்னு நெனச்சி ஒருத்தனைத் திருப்பி ஒரு குத்து உட்டேன். அவன் எங்க கேப்டன்.

இண்டியா கேம்புக்கும் ஒரு வாட்டி கூப்ட்டாங்க. புது சூட்கேஸ் வாங்கினு போனேன். ஒரே வாரத்துல "ஸ்பீடு பத்தல"ன்னு அனுப்பிட்டாங்க. ஸ்டாப்பருக்கு இன்னாத்துக்கு சார் ஸ்பீடு? கேட்டு எங்கனா ஓடுமா?

சரி, அது போவட்டும். முட்டி போனதும் ஆட்டத்தை உட்டேன். அப்புறம் அசிஸ்டென்ட் கோச்சு. கோச்சு இல்ல சார், அசிஸ்டென்ட் கோச்சு. நெறைய பேரு ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சினு இருக்காங்க. காலையில பிராக்டீஸுக்கு கிரவுண்டுல பிளாஸ்டிக் கோன் வெக்கணும், சாயந்திரம் கோனை எடுக்கணும். நடுவுல டிஃபன்ஸ் ஆடற பசங்களுக்கு எங்க நிக்கணும், எப்டி நிக்கணும்னு சொல்லிக் குடுக்கணும். டீம் ஜெயிச்சா மாலை ஹெட் கோச்சுக்கு. தோத்தா வேலை போறதும் ஹெட் கோச்சுக்கு. அசிஸ்டென்ட்டுக்கு மாலையும் இல்ல, ஆப்பும் இல்ல. உலகத்துலயே நல்ல வேலை சார் இது. பெங்களூர்ல ஒரு வருஷம், மஞ்சேரியில மூணு வருஷம், அப்புறம் வேலூர்ல ரெண்டு வருஷம். எத்தினி ஹெட் கோச்சு வந்தாங்க, போனாங்க. நான் கோனு வெச்சினே இருந்தேன்.

வேலூர்ல பொம்பளைங்க டீம். பாலாறு எஃப்.சி. சிரிக்காதீங்க. ஆத்துல தண்ணி இல்லன்னாலும் டீமுக்கு ஒரு பேரு வேணும் இல்ல? தோல் கம்பெனி வெச்சிருக்கற சாதிக் பாய்தான் நடத்துனாரு. ஆடுற பொண்ணுங்க பாதிப் பேரு ஷூ கம்பெனில தையல் மிஷின்ல உக்காந்துகினு இருந்ததுங்க. சாதிக் பாய் பாவம் நல்ல மனுசன்தான். ஆனா அவரு சொந்தக்காரங்கலாம், "பொம்பளைப் புள்ளைங்களுக்கு டவுசர் வாங்கிக் குடுத்தே நீ அழிஞ்ச"ன்னு காதுல ஓதினே இருந்தாங்க. அவரு இந்த சீசன் ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. "எத்திராஜ், இந்த வருஷம் ஸ்டேட் லீக்குல மொதல்ல வந்து நேஷனல் லீக்குக்குப் போனா டீம் இருக்கும். இல்லன்னா என்னால முடியாது"ன்னு.

ஹெட் கோச்சு ரெஜினா மேடம். நாகர்கோவில். வயசு என் பாதிதான் இருக்கும்னு வெச்சிக்கங்களேன். எந்நேரமும் மடியில ஒரு லேப்டாப்பு. எதிர் டீமு ஆடுன ஆட்டம்லாம் அதுல இருக்கும். "அண்ணே, இந்த வீடியோவக் கொஞ்சம் பாருங்க"ன்னும். நான் பாக்க மாட்டேன். ஃபார்வர்டை கண்ணால பாக்கணும் சார், கால்ல பாக்கணும். கம்ப்யூட்டர்ல பாத்தா சினிமா மாதிரி இருக்கும்.

நல்லா ஆடுனாங்க பொண்ணுங்க. கடைசி மேட்ச் வரைக்கும் வந்துட்டோம். வேலூர்லயே, எங்க கிரவுண்டுல. டிரா பண்ணாப் போதும், நாங்க மொதல் எடம். எதிர்ல யாரு? திருச்சி பொன்னி எஃப்.சி. அவங்களோட முக்கியமான ஃபார்வர்டு யாரு? பதினொண்ணாம் நம்பரு. பேரு லோகேஸ்வரி.

எம் பொண்ணு சார்.

ஆமா, சொந்தப் பொண்ணு. ஒரே பொண்ணு. லோகு.

நான் ஆட்டத்தை உட்டுட்டு ஊட்டுக்கு வந்தப்ப அவளுக்கு ஒன்பது வயசு. அன்னிலேர்ந்து அவளுக்கு நான்தான் வாத்தியாரு. பதினஞ்சு வயசு வரைக்கும் காலையில ஒரு வேளை, சாயந்திரம் ஒரு வேளை. ஷூ கயிறு கட்டறதுலேர்ந்து நான் சொல்லிக் குடுத்தது. அப்புறம் எனக்கு பெங்களூர் வேலை வந்துச்சு, கெளம்பிட்டேன். ஆனா பதினஞ்சு வயசுக்கு மேல ஒரு ஃபார்வர்டு புதுசா கத்துக்கறதுக்கு இன்னா சார் இருக்குது? ஒடம்பு வளரும். ஆட்டம் அதேதான்.

மேட்சுக்கு ஒரு வாரம் முன்னாடி ரெஜினா மேடம் என்னைத் தனியா கூப்ட்டுச்சு. "அண்ணே, ஒங்க மக ஆடுத மேட்ச் இது. வேணும்னா நீங்க ஒரு வாரம் லீவு போட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கிடுதேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ"ன்னுச்சு.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. "இன்னா மேடம், என்னைப் பாத்தா எப்டி தெரியுது? பன்னெண்டு வருஷம் எவனையும் சும்மா உட்டவன் இல்ல நானு"ன்னேன்.

ஊட்டுக்காரி அதுக்கும் மேல. குணசுந்தரின்னு பேரு. ஃபோன் போட்டு, "யோவ், அந்த மேட்சுக்கு டெல்லிலேர்ந்து ஆளுங்க வர்றாங்களாம், இண்டியா கேம்புக்குப் பொண்ணு எடுக்கறதுக்கு. நம்ம லோகுவ பாக்கத்தான் வர்றாங்களாம். அன்னிக்கு ஒரு நாளு உனக்கு வயித்தால போவக்கூடாதா?"ன்றா.

"இன்னாடி பேசற? சுமாரான ஸ்டாப்பர் முன்னாடி நல்லா ஆடிட்டு கேம்புக்குப் போயி இன்னா பிரயோஜனம்? ஒரே வாரத்துல திருப்பி அனுப்புவான். கஷ்டப்பட்டு ஆடட்டும்"ன்னேன்.

"நீ அவ மேட்சு எத்தினி பாத்துக்கற இதுவரைக்கும்?"

இதான் சார் அவகிட்ட. பேசினே இருக்கும்போது சம்பந்தமே இல்லாம வேற ஒண்ணைக் கேப்பா. அசிஸ்டென்ட் கோச்சுக்கு ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இருக்குதா? அவ டீமுக்கு என்னிக்கு மேட்சோ அன்னிக்கு எங்க டீமுக்கும் மேட்சு. எல்லா லீக்கும் வார கடைசியில வெச்சா நான் இன்னா ரெண்டா பொளந்துக்கறதா? ஃபோனை வெச்சிட்டேன்.

சரி, மேட்டருக்கு வர்றேன். எங்க ஸ்டாப்பரு அமுலு. குடியாத்தம் பொண்ணு. ஒசரம், பலம். ஓடுனா தரை அதிரும். மனசு மட்டும் வெண்ணெய். ஒருத்தியைத் தட்டி உட்டுட்டு, தானே போயி தூக்கி உடுவா. பொண்ணுங்களை உக்கார வெச்சி நான் சொன்னேன். "அமுலு, பதினொண்ணாம் நம்பரை நீதான் புடிக்கற. அவளைப் பத்தி உலகத்துல என்னை மாதிரி தெரிஞ்சவன் எவனும் கெடையாது. கேட்டுக்கோ. அவளுக்கு வலது காலு மட்டும்தான் காலு. இடது காலு சும்மா நிக்கறதுக்கு. வலது பக்கத்தை மட்டும் அடைச்சினு நில்லு. இடது பக்கம் தொறந்து கெடந்தாலும் போவ மாட்டா."

ஒரு பொண்ணு கையைத் தூக்குச்சு. "அண்ணா, மேடம் காட்டுன வீடியோவுல..."

"வீடியோவா, நானா?"ன்னேன். உக்காந்துடுச்சு.

"ரெண்டாவது, ஆரம்பத்துலயே ஒரு தட்டு தட்டிடு. சின்ன வயசுல ஒரு வாட்டி ஒரு பையன் இடிச்சி பல்லு ஆடிப்போச்சு. அதுலேர்ந்து ஒரு அடி உழுந்துச்சுன்னா அழுதுருவா, அப்புறம் கிட்டயே வர மாட்டா. மூணாவது"ன்னு சொல்லிட்டு நான் கொஞ்சம் யோசிச்சேன். பொய் சொல்லக் கூடாது, யோசிச்சேன். ஆனா பொழப்புன்னு வந்துட்டா பொழப்புதான சார். அவளுக்கு ஊட்டுல ஒரு பேரு உண்டு. நான் லீவுல எப்ப வந்தாலும் அவளுக்கு சளி புட்ச்சினு இருக்கும். அதனால மூக்கொழுகின்னு கூப்புடுவேன். நான் மட்டும்தான் கூப்புடுவேன். ஒரு நாளு அவகூட ஆடுன பையன் ஒருத்தன் அத்தக் கேட்டுட்டு அப்டிக் கூப்ட்டான். அவன் கையை ரத்தம் வர்ற மாதிரி கடிச்சி வெச்சிட்டா. பஞ்சாயத்தே ஆச்சு. அதனால சொன்னேன். "ஆட்டம் டைட்டாச்சுன்னா கிட்ட போயி, மூக்கொழுகின்னு மெதுவா ஒரு வாட்டி சொல்லு. மூளை கலங்கிடும். ரெட் கார்டு வாங்கினு வெளிய போயிடுவா."

அமுலுதான் மெதுவா, "அண்ணா, அது உங்க ஊட்டுப் பேராச்சேண்ணா"ன்னா.

"அதனாலதான் வேலை செய்யும்"ன்னேன்.

ரெஜினா மேடம் லேப்டாப்பை மூடிட்டு வெளிய போயிடுச்சு. அதுக்கு நான் மீட்டிங் எடுத்தாலே புடிக்காது.

மேட்ச் அன்னிக்கு நல்ல கூட்டம் சார். கேலரில சாதிக் பாய், அவரைத் திட்டற சொந்தக்காரங்க, டெல்லிலேர்ந்து வந்த ரெண்டு பேரு தொப்பி போட்டுகினு. மேல ஒரு மூலையில எங்க ஊட்டுக்காரி. என் பக்கம் திரும்பவே இல்ல. லோகு கிரவுண்டுக்கு வந்தா. ரொம்ப நாளைக்கப்புறம் பாக்கறேன். ஒசந்துட்டா. தோளு அகலமாயிக்குது. என்னை மாதிரியே நடக்கறா. மத்தவங்களைப் பாத்து சிரிச்ச மாதிரியே என்னையும் பாத்து சிரிச்சா.

ஆரம்பிச்ச ஒடனே அமுலு நான் சொன்ன மாதிரி ஒரு தட்டு தட்டுனா. பந்து ஒரு பக்கம், லோகு ஒரு பக்கம். முகம் தரையில அடிச்சிடுச்சு. ஒதடு கிழிஞ்சி ரத்தம்.

அப்ப ஒண்ணு நடந்துச்சு. அத்தத்தான் ஊரே பேசிச் சிரிக்குது. நான் தண்ணி பாட்டிலை எடுத்துனு உள்ள ஓடிட்டேன். ரெஃப்ரி கூப்புடல, ஒண்ணும் இல்ல. இந்த முட்டியை வெச்சினு நான் ஓடி பல வருஷம் ஆச்சு, ஆனா ஓடிட்டேன். லைன்ஸ்மேன் பின்னாடியே கத்தினு வர்றாரு, "யோவ், உன் டீமு அந்தப் பக்கம்யா!"ன்னு. தண்ணி குடுக்கறதுல டீமு இன்னா சார் டீமு? அவங்க ஆளு ரொம்ப மெதுவா வந்துகினு இருந்தாரு. ஒரு உசுரு போயிருந்தா? பழக்கம் சார், வேற ஒண்ணும் இல்ல. கிரவுண்டுல யாரு உழுந்தாலும் என் காலு தானா போவும்.

லோகு எந்திரிச்சி உக்காந்து, ரத்தத்தைத் துப்பிட்டு, என்னை ஒரு பார்வை பாத்தா. "எங்க ஆளு வர்றாங்க. நீங்க போங்க"ன்னா. ரெஃப்ரி எனக்கு எல்லோ கார்டு காட்டுனாரு. பன்னெண்டு வருஷம் ஸ்டாப்பரா வாங்குனதுலாம் ஒரு அர்த்தத்தோட வாங்குனது. தண்ணி குடுத்து வாங்குனது இது ஒண்ணுதான்.

அவ அழல. அதான் எனக்கு ஆச்சரியம். அமுலுதான் அழற மாதிரி இருந்தா.

மத்தபடி ஆட்டம் நான் சொன்ன மாதிரியே போச்சு சார். வலது பக்கம் வந்தா, அமுலு நின்னுகினு இருப்பா. திரும்பிப் போவா. திரும்ப வருவா, திரும்பிப் போவா. டெல்லிக்காரங்க ரெண்டு பேரும் கடலை சாப்ட ஆரம்பிச்சிட்டாங்க. நான் ரெஜினா மேடத்துகிட்ட, "இன்னா மேடம், இத்த உங்க கம்ப்யூட்டர் சொல்லுமா?"ன்னேன்.

ரெண்டாவது பாதியில பொன்னி டீமு ரொம்ப நெருக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் பெஞ்சுலேர்ந்து அமுலுவுக்கு ஜாடை காட்டுனேன். அவ பாக்காத மாதிரி இருந்தா. திரும்பக் காட்டுனேன். பாவம், போயி லோகு காதுகிட்ட அந்தப் பேரைச் சொல்லிட்டா.

லோகு அப்டியே நின்னுட்டா சார். பந்து அந்தப் பக்கம் போயினு இருக்குது, இவ நின்னுனு இருக்கா. கடிக்கப் போறா, ரெட் கார்டுதான்னு நான் எந்திரிச்சிட்டேன். அவ அமுலுவைப் பாக்கல. திரும்பி எங்க பெஞ்சைப் பாத்தா. என்னை. எவ்ளோ நேரம் பாத்தான்னு தெரியல, எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. நான் ரெண்டு கையையும் விரிச்சி, இன்னா இப்ப, ஆட்டம்னா ஆட்டம்தானன்னு காட்டுனேன். அவ தலைமுடியை அவுத்து திரும்ப இறுக்கிக் கட்டினா. போயிட்டா.

அமுலு அவ பின்னாடியே ஓடி, "சாரிக்கா, சாரிக்கா"ன்றா. மன்னிப்பு கேக்கறா சார், மேட்சு நடுவுல! நான் விளையாடுன காலத்துல காலை ஒடச்சிட்டுக்கூட எவனும் சாரி கேட்டதில்ல.

முடியறதுக்குக் கொஞ்ச நேரந்தான் இருந்துச்சு. சாதிக் பாய் சொந்தக்காரங்களுக்கு ஸ்வீட்டு ஆர்டர் பண்ணிட்டாருன்னு கேள்வி. லோகு வலது பக்கமா பந்தை எடுத்துனு வந்தா. அமுலு நான் சொன்ன எடத்துல, சொன்ன மாதிரி, வலது பக்கத்தை மொத்தமா அடைச்சினு நின்னா. அழகா நின்னா. நானே நின்ன மாதிரி இருந்துச்சு. லோகு ஒடம்பை வலது பக்கம் சாச்சா. அப்புறம் பந்தை இடது பக்கம் இழுத்தா. அந்தப் பக்கம் குடோன் கதவு மாதிரி தொறந்து கெடக்குது. இடது கால்ல ஒண்ணு உட்டா பாருங்க.

அப்டி ஒரு ஷாட்டு நான் பாத்தது கம்மி சார். தரையோட போயி, போஸ்ட்டுல உள்பக்கம் பட்டு, வலையைக் கிழிச்சினு நின்னுச்சு. நான் வேற யாரோன்னு நெனச்சேன். ஜெர்சியைப் பாத்தேன். பதினொண்ணுதான்.

பக்கத்துலேர்ந்து யாரோ சட்டையைப் புடிச்சி இழுக்கறாங்க. பாத்தா ரெஜினா மேடம். "அண்ணே, உக்காருங்க. அது நமக்கு விழுந்த கோலு"ன்னுது. அப்பதான் தெரியுது, நான் எந்திரிச்சி நின்னு கை தட்டினு இருக்கேன். எங்க பொண்ணுங்க எல்லாம் என்னையே பாத்துனு இருக்குதுங்க. நல்ல கோலுன்னா நல்ல கோலுதான சார்? பாலாறு போட்டா இன்னா, பொன்னி போட்டா இன்னா? ஒரு புரொஃபஷனலுக்கு அதுலாம் கெடையாது.

ஒண்ணுக்கு சைபர். முடிஞ்சிடுச்சு.

மேட்ச் முடிஞ்சா ரெண்டு டீமும் வரிசையா வந்து கை குடுக்கணும். நானும் நின்னேன். ஒவ்வொருத்தியா வந்து கை குடுத்துனு போறாங்க. லோகு வந்தா. ஒதடு வீங்கிக்குது. கையை நீட்டுனா. "தேங்க்ஸ் சார்"ன்னா.

சார்!

எப்பவும் நைனான்னுதான் கூப்புடுவா. மரியாதைதான், நான் இல்லன்னு சொல்லல. கிரவுண்டுல உறவு பாக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இருந்தாலும் பின்னாடி நின்னவங்களுக்குலாம் கேட்டுச்சு. நான் கையை உடல. "இடது காலு எப்போ வந்துச்சு?"ன்னேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. வலது காலு ஒடஞ்சி மாவுக்கட்டு போட்டுனு இருந்தேன்ல. அப்ப சும்மா ஒக்காந்து இருக்க முடியல. நாற்காலில இருந்தபடியே செவுத்துல பந்தை இடது கால்ல அடிச்சினே இருந்தேன்."

காலு ஒடஞ்சிதா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "எங்கிட்ட யாரும் சொல்லலியே?"ன்னேன்.

"அம்மா ஃபோன் பண்ணிச்சே. நீங்க ஐஸ் வெக்கச் சொன்னீங்க"ன்னுட்டு கையை எடுத்துனு அடுத்த ஆளுகிட்ட போயிட்டா.

நீங்களே சொல்லுங்க சார். நான் அப்ப மஞ்சேரியில. பிராக்டீஸ் நடுவுல ஃபோன் வருது, கோன் ஒரு கையில, ஃபோன் ஒரு கையில. "லோகுவுக்கு கால்ல அடிபட்டுடுச்சுய்யா"ன்றா. அடின்னா இன்னான்னு நெனைப்பேன்? எங்க தொழில்ல தெனமும் அடிதான். ஐஸ் வெய்யின்னு சொன்னேன். ஒடஞ்சிடுச்சுன்னு ஒரு வார்த்தை தெளிவா சொல்லணும் இல்ல? திரும்ப ஒரு வாட்டி ஃபோன் பண்ணி சொல்லணும் இல்ல? அவ அழுதுகினே பேசுனா, பாதி புரியல. சரி, அன்னிக்கு சாயந்திரமே கேட்டுக்கலாம்னு நெனச்சேன், அப்புறம் லீக்கு ஆரம்பிச்சிடுச்சு. எங்க ஊட்டுல எங்கிட்ட யாரும் எதுவும் சொல்றதில்ல சார். அதான் என் கொறை. ஒரு அப்பன்கிட்ட சொல்ல வேண்டியதை சொல்லியிருந்தா நான் அமுலுவை இடது பக்கத்தையும் அடைக்கச் சொல்லியிருப்பேன். பாலாறு இன்னிக்கு நேஷனல் லீக்குல இருந்திருக்கும்.

ஊட்டுக்காரி கேலரிலேர்ந்து எறங்கி வந்து, என்னைத் தாண்டிப் போயி, லோகுவைக் கட்டிப் புடிச்சா. டெல்லிக்காரங்களும் அங்க போயி நின்னாங்க. நான் கோனை எடுத்து அடுக்க ஆரம்பிச்சேன். மேட்சுக்கு கோன் வெக்க மாட்டாங்கதான், வார்ம்-அப்புக்கு வெச்சது ஓரமா கெடந்துச்சு. யாராச்சும் எடுக்கணும் இல்ல?

அந்த வாரமே சாதிக் பாய் டீமைக் கலைச்சிட்டாரு. பொண்ணுங்களைக் கூப்ட்டு ஆளுக்கு ஒரு ஷூ குடுத்து, அழுதுட்டாரு மனுசன். ரெஜினா மேடம் கேரளாவுக்குப் போயிடுச்சு. போறப்ப எங்கிட்ட, "அண்ணே, நீங்க ஃபார்வர்டை நல்லா படிப்பிய. ஆனா கொஞ்சம் பக்கத்துல போயிப் படிங்க"ன்னுச்சு. கண்ணு டெஸ்ட் பண்ணச் சொல்லுதோ இன்னாவோ, நாளைக்குப் பாக்கணும். பாதிப் பொண்ணுங்க திரும்ப தையல் மிஷினுக்கே போயிட்டாங்க. அமுலுவுக்கு மட்டும் பொன்னி டீமுல எடம் கெடச்சிடுச்சு. யாரு சொல்லித் தெரியுமா? லோகுதான். "என்னை அந்த அளவுக்கு நிறுத்துனது அவ ஒருத்திதான், அவளை எடுங்க"ன்னு அவங்க கோச்சுகிட்ட சொல்லிக்கிறா. இப்ப ரெண்டு பேரும் திருச்சியில ஒரே ரூமு.

அமுலு அப்பப்ப எனக்கு ஃபோன் போடும். அது சொல்லித்தான் தெரியும், லோகுவுக்கு இண்டியா கேம்பு கெடச்சிடுச்சு, அடுத்த வாரம் கெளம்பறா. அதுக்கு முன்னாடி இன்னிக்கு சாயந்திரம் திருச்சியில ஒரு மேட்சு, கேரளா டீமு ஒண்ணோட. லீக்குலாம் இல்ல, சும்மா ஆடறது.

நான் இன்னாத்துக்கு வேலூர்ல ஒக்காந்துகினு இருந்தேன்னு கேக்கறீங்களா? ரூம் வாடகை மாசக் கடைசி வரைக்கும் கட்டியாச்சு சார். அதுக்குள்ள ஊட்டுக்குப் போயி எதுக்குத் திட்டு வாங்கணும்? ஊட்டுக்காரி ஃபோன்ல பேசறதில்ல. போன ஞாயித்துக்கெழமை போயிருந்தேன், சோறு போட்டா, கொழம்பு ஊத்துனா, ஒரு வார்த்தை பேசல. நேத்து மட்டும் மெசேஜ் வந்துச்சு. எத்தினி மணிக்கு பஸ்ஸுன்னு இருந்துச்சு. நான் போறது இவளுக்கு எப்டி தெரியும்? அமுலு சொல்லியிருக்கும். வெண்ணெய் மனசு, வாயும் வெண்ணெய்.

மேட்சுக்குத்தான் போறேன். பாசம்லாம் ஒண்ணும் இல்ல, நோட்டம் பாக்க. அந்த இடது காலை நேர்ல ஒழுங்காப் பாத்து, எப்டி அடைக்கறதுன்னு கண்டுபுடிக்கணும். எந்த டீமுக்காகவா? இப்ப டீமு இல்லதான் சார். நாளைக்கு எதாச்சும் ஒரு டீமு கூப்புடும். அசிஸ்டென்ட் கோச்சு எப்பவும் ரெடியா இருக்கணும். நாளைக்கு எவனாச்சும், "ஏம்ப்பா எத்திராஜு, அந்த லோகேஸ்வரியை எப்டி நிறுத்தறது?"ன்னு கேட்டா, ரெண்டு வருஷத்துப் பழசையா சொல்லினு இருப்பேன்?

அவளுக்கு நான் வர்றது தெரியாது. அமுலுகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். தெரிஞ்சா, அப்பன் பாக்கறான்னு ஆடுவா. எனக்கு அது வேணாம் சார். நான் இல்லாதப்ப அவ எப்டி ஆடறான்னு பாக்கணும்.

ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கிட்டவா? ஆட்டோவா? பரவால்ல. வி.ஐ.பி. சீட்டுலாம் வேணாம், நடு கேலரியும் வேணாம். நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடிதான் உக்காருவேன். என் வாழ்க்கையில நான் ஃபார்வர்டுங்களைப் பாத்தது எல்லாமே அவங்க என்னைப் பாத்து நேரா ஓடி வர்றதுதான். பக்கவாட்டுல பாத்தா எனக்கு ஒண்ணும் புரியாது. அவ எந்த போஸ்ட்டைப் பாத்து வர்றாளோ அதுக்குப் பின்னாடி போயி உக்காந்துக்குவேன்.

பாதியில பக்கம் மாறுவாங்கதான். நானும் எந்திரிச்சி, கிரவுண்டை ஒரு சுத்து சுத்தி, அந்தப் பக்கம் போயி உக்காந்துக்குவேன்.